கணினியில் நேராக வந்தது

என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். கேட்டவர் மேல் அல்ல; அடுத்து அவர் சொல்லப்போகிற வாக்கியத்தின் மேல். அலுமினியக் கட்டியை இளகும் அளவுக்குச் சூடாக்கி, ஓர் எஃகு அச்சின் வழியாக அழுத்தித் தள்ளி, ஜன்னல் சட்டமாகவும் கதவுத் தண்டவாளமாகவும் நீளநீளமாக வெளியே எடுக்கும் தொழிற்சாலை ஒன்றில் இருக்கிறேன். அந்த அச்சு எப்படி இருந்தால் உலோகம் ஒழுங்காக வரும் என்று கணினியில் முன்கூட்டியே ஓட்டிப் பார்ப்பது என் வேலை. இவ்வளவையும் பொறுமையாகச் சொல்லி முடித்ததும், "ஓ, முறுக்கு புழியற மாதிரியா?" என்பார்கள். லிங்கராஜபுரத்தில் எங்கள் கீழ்வீட்டுக்காரர் கேட்டார். சர்ச்சில் பக்கத்து இருக்கை அம்மா கேட்டார். இந்த வேலைக்கு நேர்முகத் தேர்வு வைத்த அதிகாரியே கேட்டார்.

முறுக்கு மாதிரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முறுக்கு கோணலாக விழுந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஜன்னல் சட்டம் கோணலாக வந்தால் மொத்தத்தையும் உருக்கத்தான் அனுப்ப வேண்டும். அச்சின் துளையில் ஒரு பக்கம் உலோகம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் வந்தால் போதும், சட்டம் மெதுவான பக்கம் பார்த்து வளைந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வர வைப்பதுதான் இந்தத் தொழிலின் மொத்தப் பாடும். அதற்குப் பிடி, துளையின் உட்சுவர். உலோகம் அந்தச் சுவரில் எவ்வளவு நீளம் உரசிக்கொண்டு வருகிறதோ அவ்வளவுக்கு மெதுவாகும். அந்த நீளத்தைத் தொழிலில் பேரிங் என்பார்கள். சுழல்கிற பேரிங்குக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நான்கு மில்லிமீட்டர் பேரிங்கை மூன்றாகக் குறைத்தால் அந்த இடத்தில் அலுமினியம் ஓடத் தொடங்கும். இது புரிந்தால் என் வேலையின் முக்கால்வாசி புரிந்த மாதிரி.

ஆனேக்கல் தாண்டி இருக்கிறது எங்கள் தொழிற்சாலை. லிங்கராஜபுரம் மேம்பாலத்தின் கீழ் காலை ஆறேகாலுக்கு வேன் ஏறினால், சந்தாபுரத்தில் நின்று நின்று, எட்டரைக்கு உள்ளே நுழைவேன். நான் சேர்வதற்கு முன்னால் அங்கே இப்படி ஓட்டிப் பார்க்கிற சிமுலேஷன் என்ற ஒன்று கிடையாது. அச்சை, அதாவது டையை, வரைவார்கள், வெட்டுவார்கள், உலோகத்தை அழுத்தித் தள்ளும் எந்திரமான பிரஸ்ஸில் ஏற்றுவார்கள். வளைந்து வந்தால் இறக்கி, டை கரெக்டர் கையில் கொடுப்பார்கள். அவர் வளைந்து வந்த துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, அரத்தை எடுத்து எங்கே தேய்க்க வேண்டுமோ அங்கே தேய்ப்பார். மறுபடி ஏற்றுவார்கள். சில டைகள் நான்கு முறை ஏறி இறங்கும். ஒவ்வொரு முறையும் பிரஸ் நிற்கும், எல்லாரும் கத்துவார்கள். இதைக் குறைக்கத்தான் என்னை எடுத்தார்கள்.

எடுத்தார்களே தவிர, நம்பவில்லை. உற்பத்தித் தலைவர் கோயம்புத்தூர்க்காரர். வாய் நிறைய மரியாதை, அதற்குள் ஊசி. என் திரையில் உலோகத்தின் வேகம் நிறங்களாகத் தெரியும்: வேகமான இடம் சிவப்பு, மெதுவான இடம் நீலம், எல்லாம் சமமாக ஓடினால் முழுக்கப் பச்சை. அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க மேடம். எம் பேத்திக்கும் இந்த மாதிரி கார்ட்டூன்தான் புடிக்கும்" என்பார்.

கணினிக்கும் மரியாதை இல்லை. ஒரு டையை ஓட்டி முடிக்க ஒன்றரை நாள் ஆகும். வெள்ளிக்கிழமை ஓடவிட்டுப் போனால் திங்கட்கிழமை காலை முடிவு இருக்க வேண்டும். முதல் மூன்று திங்கட்கிழமையும் கணினி செத்துக் கிடந்தது. கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் "அணைக்காதீர்கள்" என்று எழுதி ஒட்டினேன். நான்காவது வாரமும் அணைந்திருந்தது. காவலாளியைக் கேட்டேன். "ஸ்கிரீனே கருப்பா இருந்துது மேடம். சரி, அணைச்சிட்டீங்கபோலன்னு மெயின் ஸ்விட்ச்ச மட்டும் ஆஃப் பண்ணேன்" என்றார். ஒட்டிய காகிதத்தை மெயின் ஸ்விட்ச்சுக்கு மாற்றினேன்.

டை கரெக்டர் இதிலெல்லாம் சேராமல் தனியாக இருந்தார். என் வயதுதான் இருக்கும், நாற்பது நாற்பத்தொன்று. ஆனேக்கல்லிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், சந்தையில் தெலுங்கு. யாரிடமும் சத்தமாகப் பேச மாட்டார். வெட்டி முடித்த புது டை ஒவ்வொன்றும் பிரஸ்ஸுக்குப் போகுமுன் பாலிஷ் போட அவர் மேஜைக்கு வரும். நான் கொடுத்த வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்வார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். இந்தக் கட்டடத்தில் என் வரைபடத்தை மதிக்கிற ஒரே ஆள் என்று நினைத்துக்கொள்வேன்.

முதல் எட்டு மாதம் என்னால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கணினியில் எல்லாமே பச்சையாக வந்தது. பிரஸ்ஸில் ஒரு டை நேராக ஓடும், அடுத்தது லேசாக, பிரஸ்ஸை ஓட்டுகிறவர் நிற்கும் ஆபரேட்டர் பக்கம் சாயும், இன்னொன்று எதிர்ப்பக்கம், சுவரைப் பார்த்துச் சாயும். ஒரு ஒழுங்கு இல்லை. நேராக வந்தால், "நம்ம கரெக்டர் கை பட்டதுல்லங்க" என்பார் தலைவர். கோணலாக வந்தால், "கம்ப்யூட்டர்ல போட்டதுதானுங்களே" என்பார். புகழ் ஒரு மேஜைக்கும் பழி ஒரு மேஜைக்கும் தினம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

குறை என் எண்களில்தான் இருக்கும் என்று நம்பினேன். அலுமினியம் எஃகில் உரசுவதற்கு ஒரு எண் கொடுக்க வேண்டும். அந்த எண் யாருக்கும் துல்லியமாகத் தெரியாது, அனுபவத்தில் பொருத்திக்கொள்வதுதான். நானும் பொருத்தினேன். ஒரு டைக்குப் பொருந்துமாறு மாற்றினால் அடுத்ததற்குப் பொருந்தாது. வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே அந்த எண்ணை யோசிப்பேன். என் கணவர், "குழம்பு ஊத்தாமலே பிசையற" என்றார் ஒரு நாள். அவர்மேலும் எரிந்து விழுந்தேன்.

எட்டு மாதத்தில் ஒரே ஒரு முறை பாராட்டு கிடைத்தது. ஒரு ஜன்னல் சட்டம், உள்ளே நான்கு வெற்று அறைகளும் வெளியே நீண்ட ஒரு நாக்குமாகச் சிக்கலான வடிவம், முதல் தள்ளலிலேயே நூல் பிடித்த மாதிரி வந்தது. முதலாளியே இறங்கி வந்து என்னிடம் கை கொடுத்தார். அன்று வேனில் மொத்த வழியும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, யாருக்கும் தெரியாமல் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அப்புறம் கரெக்டருக்குக் குடலிறக்க ஆபரேஷன். மூன்று வாரம் விடுப்பு.

அந்த மூன்று வாரத்துக்குள்தான் ஒரு பெரிய ஆர்டரின் முதல் டை வந்தது. எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்குச் சார்ஜர் செய்யும் ஒரு கம்பெனிக்கு, சூட்டை வெளியேற்றும் தகடு: தட்டையான அடி, அதன்மேல் சீப்புப் பல்லாக வரிசைத் தகடுகள். எந்திரப் பிரிவில் இருந்த ஒருவரைப் பாலிஷ் போட அனுப்பினார்கள். அவர் வரைபடத்தில் இருப்பதை அப்படியே செய்வார்; ஒரு மயிரிழை கூட்ட மாட்டார், குறைக்க மாட்டார். நான் மகிழ்ச்சியோடு கணினிப் படத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போனேன். ஓரத்திலிருந்து ஓரம்வரை பச்சை. வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள்.

பிரஸ் தள்ளியது. பளபளவென்று தகட்டின் முனை வெளியே எட்டிப் பார்த்தது. ஒரு அடி நேராக வந்தது. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பியது. லேசாக அல்ல, யாரோ கூப்பிட்டுத் திரும்பின மாதிரி. இடுக்கி வைத்திருந்தவர் பிடித்து இழுத்துப் பார்த்தார். பிடி நழுவியது. தகடு, அதைத் தாங்க வைத்திருந்த மேஜையைத் தாண்டிப் போய்ச் சுவரில் இடித்து, இடித்த இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்தது. பிரஸ்ஸை நிறுத்தினார்கள்.

வந்திருந்த இருவரில் ஒருவர் போனில் படம் எடுத்தார்.

தலைவர் என் கையில் இருந்த காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "கம்ப்யூட்டர்ல நேரா வந்துச்சுங்களா மேடம்?"

"வந்தது சார்."

"அப்ப ஒண்ணு பண்ணலாமுங்க. கம்ப்யூட்டர்ல வந்ததையே பேக் பண்ணி அனுப்பிரலாம்."

என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். அழவில்லை. அழுதால் அந்தத் தகட்டுக்கு மரியாதை கொடுத்தது போலாகிவிடும் என்று தோன்றியது.

மறுநாள் ஒரே ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. டையைத் தப்பாக வெட்டியிருக்கலாம். துளைக்குள் நான்கு மில்லிமீட்டர் நீளத்தை அளக்க எங்களிடம் கருவி இல்லை, அவ்வளவு குறுகல். யோசித்துக்கொண்டே இருந்தபோது, முந்தின வருடம் என் கடைவாய்ப் பல்லுக்கு உறை போட அளவெடுத்தது நினைவுக்கு வந்தது. ஏதோ மாவு மாதிரி ஒன்றை வாயில் திணித்து, சில நிமிடத்தில் ரப்பராக இறுகியதும் உருவி எடுத்தார்கள். பல்லின் ஒவ்வொரு கீறலும் அதில் பதிந்திருந்தது. பல்லுக்கு ஆகும் என்றால் டைக்கு ஆகாதா?

சனிக்கிழமை சிவாஜிநகர் போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால், துணிக்கடைச் சந்துக்குள், பல் டாக்டர்களுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் தாடியை நீவிக்கொண்டே, "கிளினிக் எந்த ஏரியா, டாக்டர்?" என்றார்.

"டாக்டர் இல்லை. ஃபேக்டரிக்கு வேணும்."

"ஃபேக்டரில எல்லாருக்கும் பல்லு கட்டறீங்களா?"

"மெஷினுக்கு."

அவர் "யா அல்லா" என்று சொல்லிவிட்டு, இரண்டு டப்பாவை எடுத்து வைத்தார். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை. இரண்டையும் சம அளவில் பிசைய வேண்டும், கையுறை போட்டுப் பிசைந்தால் இறுகாமல் போகலாம், வெறுங்கையால் பிசையுங்கள் என்று அக்கறையாகச் சொல்லிக்கொடுத்தார்.

திங்கட்கிழமை ஸ்கூட்டர் டைக்குள் அந்த மாவை அழுத்தினேன். இறுகியதும் உருவி, பிளேடால் நறுக்கி, நிழலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் வைத்து அளந்தேன். வரைபடத்தில் என்ன இருந்ததோ அதுவேதான். சுவர்ப் பக்கம் நான்கு, ஆபரேட்டர் பக்கம் நான்கு. டையில் தப்பே இல்லை.

ஆக டை சரி, கணினி சரி, சுவர் மட்டும் இடிந்திருக்கிறது.

எதற்காகச் செய்தேன் என்று இப்போது யோசித்தாலும் சரியாகத் தெரியவில்லை. அலமாரியிலிருந்து, முதலாளி எனக்குக் கை கொடுக்க வைத்த ஜன்னல் சட்டத்தின் டையை இறக்கினேன். சரியாக இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணமாக இருந்திருக்கலாம். மாவை அழுத்தி, உருவி, அளந்தேன். ஆபரேட்டர் பக்கம் நான்கு. சுவர்ப் பக்கம் மூன்றுக்கும் கொஞ்சம் கீழே.

இன்னொரு டை எடுத்தேன். அதிலும் சுவர்ப் பக்கம் குறைவு. இன்னொன்றிலும். மாலைக்குள் ஏழு டை அளந்தேன். ஏழிலும் சுவர்ப் பக்கம் அரம் போயிருந்தது, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு. எட்டு மாதமாக நான் கணினியில் ஓட்டியது ஒரு டை, பிரஸ்ஸில் ஏறியது வேறு டை. உரசல் எண்ணை நான் மாற்றி மாற்றிப் பொருத்தியதெல்லாம் ஓர் அரத்தோடு போட்ட சண்டை. எனக்குக் கிடைத்த அந்த ஒரு பாராட்டும் எனக்குரியது அல்ல.

கரெக்டர் வேலைக்குத் திரும்பிய அன்று காலையிலேயே போய் அவர் மேஜைக்கு எதிரே நின்றேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட மறந்துவிட்டேன்.

"புது டைல அரம் போட்டீங்களா?"

"எதுல மேடம்?"

"எல்லாத்துலயும்."

"ஆமா" என்றார், சாதாரணமாக. "சுவர்ப் பக்கம் ஒரு நாலு இழுப்பு இழுத்துட்டுத்தான் அனுப்புவேன். இல்லாங்காட்டி ஓடாதே."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவருக்கு நிஜமாகவே ஆச்சரியம். "நீங்க கேக்கலியே. நானு சாப்பாட்டுக்கு முன்னாடி கை கழுவறேன். அதெல்லாமா வந்து சொல்லிக்கினு இருப்பாங்க?"

"டிராயிங்கைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே செஞ்சீங்களே!"

"டிராயிங் பாத்தாத்தானே மேடம் எங்க குறைக்கணும்னு தெரியும்."

"எவ்ளோ குறைப்பீங்க? ஏதாவது கணக்கு இருக்கா?"

"டையப் பொறுத்து. பெருசுன்னா ஜாஸ்தி. மொதல்ல கொஞ்சம் கொறச்சலாத்தான் இழுப்பேன், சாஞ்சா மறுபடி இழுத்துக்கலாமில்ல. சில வாட்டி கை கொஞ்சம் அதிகமாப் பூடும்." கொஞ்சம் யோசித்து, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்: "நீங்க போட்ட டை நல்லாவே ஓடுது மேடம். முந்தி மூணு இடத்துல இழுக்கணும். இப்ப சுவர்ப் பக்கம் மட்டும்தான்."

எட்டு மாதத்தில் என் வேலையைப் பற்றி யாராவது சொன்ன முதல் உண்மையான வார்த்தை அது. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. கோபம் அவ்வளவு இருந்தது.

"அது ஏன் சுவர்ப் பக்கம் மட்டும்?"

"இந்தப் பிரஸ்ஸே அப்பிடித்தான். நானு வந்த நாள்லருந்து."

பிரஸ்ஸே அப்படித்தான் என்ற பதிலோடு என்னால் வீட்டுக்குப் போக முடியவில்லை. அலுமினியக் கட்டியைத் தாங்கி நிற்கிற பெரிய எஃகு உருளை ஒன்று பிரஸ்ஸில் உண்டு, கன்டெய்னர் என்பார்கள். கட்டி ஆறிவிடாமல் இருக்க அதற்குள்ளேயே ஹீட்டர்கள் பதித்திருக்கும். மதிய இடைவேளையில் பிரஸ் நின்றபோது, தொட்டு அளக்கும் வெப்பமானியோடு பராமரிப்புப் பிரிவு எலெக்ட்ரீஷியனை அழைத்துக்கொண்டு போனேன். ஆபரேட்டர் பக்கம் நானூற்று முப்பது டிகிரி. சுற்றிப் போய்ச் சுவர்ப் பக்கம் வைத்தார். முந்நூற்று எண்பத்தாறு.

ஒரு பக்கம் சில்லென்றிருந்தால் அந்தப் பக்கம் உலோகம் மெதுவாகத்தான் வரும். இதை என் கணினி ஒரே ஓட்டத்தில் சொல்லியிருக்கும், யாராவது அதனிடம் சொல்லியிருந்தால்.

"சுவர்ப் பக்கத்து ஹீட்டர் வேலை செய்யுதா?" என்றேன்.

"அது ஹோகி எஷ்டோ வர்ஷ ஆய்த்து மேடம்" என்றார் எலெக்ட்ரீஷியன், இறந்துபோன தூரத்து உறவினரைப் பற்றிச் சொல்கிற மாதிரி. அது போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டதாம். சூட்டைக் காட்டும் சென்ஸர் ஆபரேட்டர் பக்கம் இருப்பதால் கட்டுப்பாட்டுப் பலகையில் எப்போதும் நானூற்று முப்பது என்றே காட்டும். அதைத்தான் மணிக்கொரு தரம் ஏட்டில் எழுதினார்கள். அந்த ஏட்டைப் பார்த்துத்தான் நான் கணினியில் போட்டேன்.

இப்போது எனக்கு வெறி வந்துவிட்டது. படம், அளவு, வெப்பநிலை எல்லாம் சேர்த்து அறிக்கை தயாரித்து, தலைவர், முதலாளி இருவர் முன்னாலும் வைத்தேன். புது ஹீட்டர் வாங்கினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொருத்தினார்கள். திங்கட்கிழமை காலை இரண்டு பக்கமும் நானூற்று முப்பது. ஸ்கூட்டர் டையை ஏற்றினார்கள். தகடு ரூல் போட்ட மாதிரி வந்தது. தலைவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் அரைமணி நேரம் அனுபவித்திருப்பேன்.

பத்து மணிக்கு வழக்கமான கதவுத் தண்டவாளத்தின் டையை ஏற்றினார்கள். வருடக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் ஓடின டை. அது ஆபரேட்டர் பக்கம் திரும்பி ஒரேயடியாகச் சாய்ந்தது. ஆபரேட்டர் பின்னால் குதித்தார். அடுத்து ஜன்னல் சட்டம்; அதுவும் அதே பக்கம். மதியத்துக்குள் ஐந்து டை இறங்கிவிட்டன.

எனக்கு இரண்டாவது டையிலேயே புரிந்துவிட்டது. வாயைத் திறக்கத்தான் தைரியம் வரவில்லை. அலமாரியில் இருக்கும் முந்நூற்றுச் சொச்சம் டைகளும், வருடக்கணக்காக, செத்துப்போன ஹீட்டருக்காகத் தேய்க்கப்பட்டவை. ஹீட்டர் உயிர்பெற்றதும் அத்தனையும் ஒரே காலையில் கோணலாகிவிட்டன.

கரெக்டர் என் அறைக்கே வந்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். குரல் மட்டும் உயரவில்லை. "தேய்ச்சத திரும்ப ஒட்ட வெக்க முடியாது மேடம். வெல்டு வெச்சா டை வெடிச்சிரும். ஒரு வார்த்த என்னாண்ட கேட்டிருக்கலாமில்ல?"

"நீங்களும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றேன்.

அவர் என் தண்ணீர் பாட்டிலை எடுத்து, கேட்காமலே குடித்துவிட்டு வைத்தார்.

மாலையில் கூட்டம். தலைவர் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார். "ஹீட்டர ஆஃப் பண்ணிருங்க."

"சார், ஹீட்டர் இருக்கறதுதான் சரி" என்றேன். "டைகள்தான் தப்பு. கொஞ்சம் கொஞ்சமா மாத்திடலாம்."

"முந்நூறு டைங்க மேடம். மாத்தி முடிக்கிற வரைக்கும் கஸ்டமருக்கு என்னத்த அனுப்பறதுங்க? கார்ட்டூனா?"

அவர் சொன்னது சரி என்பதுதான் என்னை இன்னும் எரிய வைத்தது. புத்தம்புது ஹீட்டரின் ஃப்யூஸைப் பிடுங்கி, எலெக்ட்ரீஷியன் என் மேஜைமேல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள், நேரான டையைக் கோணலான பிரஸ்ஸுக்காகக் கெடுக்கும் வேலையைத் தொடங்கினேன். கணினியில் கன்டெய்னரின் சுவர்ப் பக்கத்தை நாற்பத்துநான்கு டிகிரி குறைத்தேன். எட்டு மாதம் மாற்றிய உரசல் எண்களையெல்லாம் அழித்துவிட்டு, முதலில் வைத்திருந்ததையே போட்டேன். ஸ்கூட்டர் டையை ஓட்டினேன். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம். சுவரை இடித்த அந்தத் தகட்டை அச்சு அசலாக அது வரைந்து காட்டியது. ஒன்பது மாதத்தில் கணினியும் பிரஸ்ஸும் ஒத்துப்போன முதல் தடவை. பிறகு பேரிங்கை வேண்டுமென்றே ஏறுமாறாக வரைந்து, படம் பச்சையாகும்வரை திருத்தினேன்.

புது டை பாலிஷுக்குப் போனபோது கூடவே நானும் போனேன்.

"இதுல நாலு இழுப்பையும் நானே வரைஞ்சிட்டேன். நீங்க இழுக்கக்கூடாது."

அவர் டையைக் கையில் எடுத்து, ஒரு கண்ணை மூடித் துளை வழியாகப் பார்த்தார். "ரெண்டு?"

"ஒண்ணுகூட வேணாம்."

அது முதல் தள்ளலிலேயே நேராக வந்தது. அடுத்ததும். மூன்றாவது லேசாகச் சாய்ந்தது. மாவை அழுத்தி அளந்தேன், சுவர்ப் பக்கம் ஒரு இழுப்பு போயிருந்தது. கேட்டதற்கு, "கை தானாப் பூடிச்சி மேடம்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு டையும் அவர் மேஜையை விட்டுப் போகுமுன் பல் மாவு வைத்து அளக்கிறேன். சிவாஜிநகர்க் கடைக்காரர் என்னை டாக்டர் என்றே கூப்பிடுகிறார், திருத்துவதை விட்டுவிட்டேன்.

இப்போது டைகள் பெரும்பாலும் ஒரே தடவையில் ஓடுகின்றன. தலைவர் வெளியாட்களுக்கு என் அறையைக் காட்டும்போது, "நம்ம சிமுலேஷன் டிபார்ட்மென்ட்டுங்க" என்கிறார். ஒரு கணினி, ஒரு மேஜை, ஓர் ஆள், அதுதான் டிபார்ட்மென்ட். வரவேற்பறையில் என் வண்ணப்படம் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதில் கன்டெய்னரின் சுவர்ப் பக்கம், சூடு குறைவு என்று காட்ட, நீலமாக இருக்கிறது. அது அழகுக்காக அல்ல, பழுது. வருகிறவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். போன மாதம் இரண்டாவது பிரஸ் வந்து இறங்கியது. புதுசு, எல்லா ஹீட்டரும் உயிரோடு இருக்கின்றன. இறங்கிய அன்றே எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன்: பழைய பிரஸ்ஸின் டை எதையும் புதியதில் ஏற்றக்கூடாது, ஏற்றினால் கோணும். கன்னடத்திலும் எழுதச் சொல்லி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். மூன்றாம் நாள் கதவுத் தண்டவாளத்தை ஏற்றினார்கள். அது கோணியது. ஆபரேட்டரிடமிருந்து போன் வந்தது. "மேடம், புதுப் பிரஸ் சரியில்ல போலருக்கு. ஒரு பக்கம் இழுக்குது."

மறுநாள் ஒரு டப்பா சிவப்பு பெயின்ட்டும் தூரிகையும் வாங்கிக்கொண்டு போனேன். புதுப் பிரஸ்ஸில் ஏறக்கூடாத பழைய டை ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு சிவப்புப் புள்ளி. யாரையாவது செய்யச் சொன்னால் பாதியை விட்டுவிடுவார்கள் என்று நானே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கரெக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, எதிர் அலமாரியிலிருந்து ஆரம்பித்தார். இடையில், "இது எந்தப் பக்கம் மேடம், பெயின்ட் வெக்கறது?" என்று கேட்டார்.

"எந்தப் பக்கம் வேணா வைங்க. புள்ளி தெரிஞ்சாப் போதும்."

அவர் எல்லாவற்றிலும் சுவர்ப் பக்கமே வைத்தார். இரண்டு நாளில் முடித்தோம். நகத்திலிருந்து பெயின்ட் போக ஒரு வாரம் ஆனது.